அந்தக் குறிப்பில் தேதி எங்கே?

இணையத்தில் குற்றவியல் சட்டம் கற்பிக்கும் ஆசிரியர்களுக்கும் வழக்கறிஞர்களுக்கும் ஒரு திறந்த மடல்

வணக்கம்.

உங்களில் ஒருவர் பாடம் தொடங்குமுன் இரண்டு முறை தொண்டையைச் செருமுவார். இன்னொருவர் பிரிவு எண்ணைச் சொல்லும்போதெல்லாம் மேசையைத் தட்டுவார். வேறொருவருக்குக் 'கொலை' என்ற சொல் வரும்போது மட்டும் ஏனோ சிரிப்பு வந்துவிடும். உங்கள் பெயர்களைவிடக் குரல்கள்தான் எனக்குப் பழக்கம். தூத்தூர்ப் பக்கத்துக் கடற்கரையிலிருந்து குழித்துறைக்கு பஸ்ஸில் போய்வரும் வழியெல்லாம், ஆறு வாரம், உங்களைக் காதில் மாட்டிக்கொண்டு திரிந்தவள் நான்.

நான் வக்கீல் குமாஸ்தா. பதினோரு ஆண்டுகள் ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் கட்டுகளைத் தைத்தேன், வாய்தா நாள் குறித்தேன், மனுக்களுக்கு நம்பர் ஆகிறவரை நீதிமன்ற வராந்தாவில் நின்றேன். முப்பத்தெட்டு வயதில் மூன்றாண்டுச் சட்டப் படிப்பில் சேர்ந்தேன். இப்போது விடுமுறை நாட்களில் மட்டும் அலுவலகத்துக்குப் போகிறேன். வகுப்பில் பக்கத்தில் உட்காருபவர்கள் இருபத்திரண்டு வயதுப் பிள்ளைகள். பெரும்பாலோர் 'அக்கா' என்பார்கள், ஒருத்தி மட்டும் பிடிவாதமாக 'ஆன்ட்டி' என்கிறாள். அவள் முன்னால் விழிக்கக் கூடாது என்பதற்காகவே குற்றவியல் சட்டம் தொடங்குவதற்கு முன்பே அதைப் படித்து முடித்துவிடுவது என்று தீர்மானித்தேன். கையில் காசு குறைவு, செல்பேசியில் டேட்டா உண்டு. உங்களிடம் வந்தேன்.

முதலில் நன்றி. இதைச் சடங்குக்காகச் சொல்லவில்லை. உங்கள் பாடங்கள் இல்லையென்றால் என்னைப் போன்றவர்கள் முதல் வகுப்பிலேயே மூழ்கியிருப்போம். சமையலுக்கும் துணி துவைப்பதற்கும் நடுவில், ஒரு பைசா வாங்காமல், குற்ற மனம் என்றால் என்ன என்று எனக்குப் புரியவைத்தவர் உங்களில் ஒருவர்தான். குறை சொல்வதற்கும் அந்த உரிமையில்தான் வருகிறேன்.

பதினான்கு குறிப்புக் கோப்புகளை இறக்கினேன். அவற்றில் ஒன்றின் அட்டையில் 'பாரதிய நியாய சன்ஹிதா: முழுமையான குறிப்புகள், புதிய பதிப்பு' என்று பெரிதாகப் போட்டிருந்தது. பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த புதிய சட்டம் அது. முதல் பக்கத்திலேயே, மெக்காலே பிரபு தலைமையிலான சட்ட ஆணையம் 1837-ல் பாரதிய நியாய சன்ஹிதாவின் வரைவைத் தயாரித்தது என்று இருந்தது. பஸ்ஸில் சத்தமாகச் சிரித்துவிட்டேன். கண்டக்டர் திரும்பிப் பார்த்தார். நடந்தது என்னவென்று குமாஸ்தாவுக்கு உடனே தெரியும். பழைய கோப்பைத் திறந்து, 'இந்தியத் தண்டனைச் சட்டம்' என்று வரும் இடங்களிலெல்லாம் புதிய பெயரை மாற்றும்படி கணினியிடம் சொல்லியிருக்கிறார்கள். பெயர் மாறிவிட்டது, மற்றதெல்லாம் இருந்த இடத்திலேயே இருக்கிறது. அதே கோப்பில் 'பாரதிய நியாய சன்ஹிதா பிரிவு 420, ஏமாற்றுதல்' என்றும் இருந்தது. அந்தச் சட்டத்தில் மொத்தமே 358 பிரிவுகள். இல்லாத ஒரு பிரிவை வைத்து ஏமாற்றுதலைச் சொல்லித் தருவதற்கும் ஒரு துணிச்சல் வேண்டும்.

அதைச் சிரித்துக் கடந்துவிட்டேன், ஏனென்றால் 2024 ஜூலை 1, திங்கட்கிழமை, புதிய சட்டங்கள் நடைமுறைக்கு வந்த அன்று நான் அலுவலகத்தில் இருந்தேன். இந்தியத் தண்டனைச் சட்டம், குற்றவியல் நடைமுறைச் சட்டம், சாட்சியச் சட்டம் மூன்றும் போய், நாக்கு சுளுக்கும் மூன்று பெயர்கள் வந்தன. பெயர்களைச் சுவரில் எழுதி ஒட்டினோம். கொலைக்கு 302 இல்லை, 103. கொலை முயற்சிக்கு 307 இல்லை, 109. திருட்டுக்கு 379 இல்லை, 303. இப்படி எண்களை நெட்டுருப் போட்டோம். ஆகவே எண் விஷயத்தில் யாரும் என்னை ஏமாற்ற முடியாது என்ற மிதப்பு எனக்கு இருந்தது.

அந்த மிதப்புதான் என்னைக் கவிழ்த்தது. முதல் உள்மதிப்பீட்டுத் தேர்வில் ஒரு கேள்வி: கவனக்குறைவால் மரணம் விளைவிப்பதற்குத் தண்டனை என்ன? எங்கள் பகுதியில் விபத்து வழக்குகளுக்குக் குறைவில்லை. புதிய சட்டத்தின்படி கட்டின் மேல் '281, 106(1)' என்று நானே எத்தனையோ முறை எழுதியிருக்கிறேன். பிரிவு 106(1) என்று எழுதிவிட்டு, இரண்டாண்டு வரை சிறை என்று முடித்தேன். உங்களில் ஒருவருடைய குறிப்பில் அப்படித்தான் இருந்தது. அவர் எண்ணைச் சரியாக மாற்றியிருந்தார், தண்டனையைப் பழைய 304ஏ-யிலிருந்தே எடுத்திருந்தார். புதிய சட்டத்தில் அது ஐந்தாண்டு வரை. மருத்துவச் செயல்முறையின்போது பதிவு பெற்ற மருத்துவர் செய்யும் கவனக்குறைவுக்குத்தான் இரண்டாண்டு. மோதிவிட்டுப் போலீசுக்கும் மாஜிஸ்திரேட்டுக்கும் சொல்லாமல் ஓடும் ஓட்டுநருக்குப் பத்தாண்டு என்று சொல்லும் 106(2) மட்டும், லாரி ஓட்டுநர்களின் போராட்டத்துக்குப் பிறகு, நடைமுறைக்கு வராமல் நிறுத்திவைக்கப்பட்டிருக்கிறது. இந்த மூன்றில் ஒன்றுகூட நான் படித்த குறிப்பில் இல்லை. மதிப்பெண் போனது பெரிதல்ல. 'ஆன்ட்டி, ஐந்து ஆண்டு' என்று அவள் காதருகே சொன்னாளே, அதுதான்.

பெயரே மாறாத குறிப்பைக் கண்டால் பழையது என்று ஒதுக்கிவிடுவோம். பாதி மாறிய குறிப்பு அப்படி அல்ல. அது புதியதைப் போல நடந்துகொள்ளும். காணொலிகள் இன்னும் மோசம். பதிவேற்றிய நாள் திரையில் தெரிகிறது, பாடம் எடுத்த நாள் தெரிவதில்லை. போன ஆண்டு ஏற்றியதாகக் காட்டிய ஒரு பாடத்தில், பிறர் மனைவியோடு உறவு கொள்வது பிரிவு 497-ன்படி ஐந்தாண்டு வரை தண்டிக்கத்தக்க குற்றம் என்று ஒருவர் உறுதியாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அந்தப் பிரிவை உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பர் 27 அன்றே செல்லாது என்று அறிவித்துவிட்டது. புதிய சட்டத்தில் அது நுழையவே இல்லை. தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய பழைய 309-ம் அப்படியே போய்விட்டது. அரசு ஊழியரை மிரட்டிப் பணியவைக்கத் தற்கொலைக்கு முயன்றால் மட்டும் 226 என்று ஒரு பிரிவு இருக்கிறது. சன்ஹிதாவில் 309 என்றால் கொள்ளை. இரண்டு சட்டங்களிலும் ஒரே எண் இப்படி வேறு வேறு வீட்டில் குடியிருக்கிறது. பழைய 304 கொலையாகாத மரணக் குற்றத்துக்கான தண்டனை. புதிய 304 சங்கிலிப் பறிப்பு. புதிய 302 மத உணர்வைப் புண்படுத்தும் சொல். நடைமுறைச் சட்டத்தில் பழைய 482 உயர் நீதிமன்றத்தின் உள்ளார்ந்த அதிகாரம், புதிய 482 முன்ஜாமீன்.

இதில் எனக்குப் பிடித்தது 144. தமிழ்நாட்டில் சின்னக் குழந்தைக்கும் '144 தடையுத்தரவு' தெரியும். இப்போது அது 163. பழைய 125, அதாவது மனைவி, குழந்தை, பெற்றோர் ஆகியோருக்கான ஜீவனாம்சப் பிரிவு, புதிய சட்டத்தில் 144 ஆகிவிட்டது. போன மாதம் கருங்கல் பக்கத்திலிருந்து வந்த ஒரு பெண், '125 போட வேண்டும் அக்கா' என்றார். 'இனிமேல் அது 144' என்றேன். அவர் முகம் வெளுத்துவிட்டது. 'ஐயோ, அவ்வளவு பெரிய கலவரமெல்லாம் வேண்டாம், செலவுக்குப் பணம் தந்தால் போதும்' என்றார்.

அப்படியானால் பழைய குறிப்புகளையெல்லாம் அழித்துவிடச் சொல்கிறேனா? இல்லை. இதை உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை, இருந்தாலும் மாணவர்களில் பாதிப்பேர் அப்படித்தான் நினைக்கிறார்கள். 2024 ஜூலை 1-க்கு முன் நடந்த குற்றத்துக்கு இன்றும் இந்தியத் தண்டனைச் சட்டம்தான். புதிய சட்டத்தின் கடைசிப் பிரிவான 358 பழையதை நீக்கும்போதே, அதன்கீழ் ஏற்கெனவே வந்த பொறுப்பையும் தண்டனையையும் காப்பாற்றி வைக்கிறது. குற்றம் நடந்த நாளில் இருந்த சட்டத்தைவிடக் கூடுதலாகத் தண்டிக்கக் கூடாது என்று அரசியலமைப்பின் 20(1) சொல்கிறது. 2023-ல் நடந்த வெட்டுக்கு இன்று விசாரணை வந்தாலும் கட்டின் மேல் 307 என்றுதான் இருக்கும். அலுவலகத்து அலமாரியில் இரண்டு சட்டக் கட்டுகளும் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கின்றன. இன்னும் பல ஆண்டுகள் அப்படித்தான் கிடக்கும். ஆகவே பழைய பாடம் குப்பை அல்ல. ஆனால் அது எந்த நாளின் பாடம் என்று அதன் நெற்றியில் எழுதியிருக்க வேண்டும். மருந்துப் புட்டியில், பால் பாக்கெட்டில், ஏன், நாங்கள் தாக்கல் செய்யும் ஒவ்வொரு வக்காலத்திலும் தேதி இருக்கிறது. தேதி இல்லாத மனுவை நீதிமன்ற எழுத்தர் முகத்தில் வீசாத குறையாகத் திருப்பித் தருவார். வழக்கறிஞர்களான நீங்களே வெளியிடும் குறிப்பில் மட்டும் அது ஏன் இல்லை?

அடுத்தது மொழி. தமிழில் பாடம் நடத்தும் உங்கள் மேல் எனக்கு மதிப்பு அதிகம், அதனால் கோபமும் அதிகம். 'காமன் இன்டென்ஷன்' ஒன்று, 'காமன் ஆப்ஜெக்ட்' மற்றொன்று. முதலாவது புதிய சட்டத்தில் 3(5). இரண்டு பேர் இருந்தாலே போதும், ஆனால் உள்ளத்தில் ஒரே கருத்து இருந்து, அதை நிறைவேற்ற அந்தச் செயல் நடந்திருக்க வேண்டும். இரண்டாவது 190, ஐந்து பேராவது சேர்ந்த சட்டவிரோதக் கூட்டம் இருக்க வேண்டும், அதில் உறுப்பினனாக இருப்பதே பொறுப்புக்குப் போதும். குற்றவியல் நீதிமன்றத்தில் பாதி வாதங்கள் இந்த இரண்டுக்கும் நடுவில்தான் நடக்கின்றன. நான் கேட்ட பாடங்களில் மூன்று, இரண்டையும் 'பொது நோக்கம்' என்றே சொல்லின. ஒரே சொல்லை இரண்டு கதவுக்கும் சாவியாகக் கொடுத்தால் நான் எந்த வீட்டுக்குள் நுழைவது? நல்ல தமிழ்ச் சட்ட நூல்களில் 'பொது உட்கருத்து' என்றும் 'பொது நோக்கம்' என்றும் பிரித்து எழுதியிருக்கிறார்கள். அதைப் பின்பற்றலாம். பிடிக்கவில்லையென்றால் ஆங்கிலச் சொல்லையே தமிழ் எழுத்தில் எழுதுங்கள், ஒன்றும் குறைந்துவிடாது. எதையாவது ஒன்றைப் பிடித்துக்கொண்டு கடைசிவரை அதையே சொல்லுங்கள், அவ்வளவுதான்.

இனி நான் உண்மையில் சொல்ல வந்ததுக்கு வருகிறேன்.

குறிப்பு என்றால் சுருக்கம். சுருக்கும்போது எதையாவது விட்டாக வேண்டும். எதை விடுகிறீர்கள் என்பதில்தான் என் வழக்கு. பிரிவு 19, பழைய 81. பெரிய தீங்கைத் தவிர்ப்பதற்காகச் சிறிய தீங்கைச் செய்வது குற்றமாகுமா என்பது பற்றியது. உங்களில் ஒருவருடைய குறிப்பில் இதற்கு ஓர் உதாரணம் இரண்டே வரியில் இருந்தது: 'கப்பல் மாலுமி ஒருவர், இருபது முப்பது பேர் இருக்கும் படகின் மேல் மோதாமல் இருக்க, இரண்டு பேர் மட்டும் இருக்கும் படகின் பக்கம் கப்பலைத் திருப்புகிறார். அவர் குற்றவாளி அல்ல.'

ஞாயிற்றுக்கிழமை மாலை இதை வாய்விட்டுப் படித்துக்கொண்டிருந்தேன். அப்பா திண்ணையில் கிழிந்த வலையைச் சரிசெய்துகொண்டிருந்தார். நாற்பது ஆண்டுகள் ஆழ்கடலில் தங்கித் தொழில் செய்தவர். எழுத்து வாசனை குறைவு, காது கூர்மை.

'மக்களே, அந்த இரண்டு பேர் இருக்கிற படகு யாருடையது?' என்றார்.

'உதாரணம்தான் அப்பா. யாருடையதும் இல்லை.'

'இரண்டு பேர் இருக்கிற படகு என்றால் அது நம் படகுதான். இருபது பேர் ஆனாலும் இரண்டு பேர் ஆனாலும் கப்பல்காரனுக்கு நாம் சின்ன வெளிச்சம். சரி, கணக்கு புரிகிறது. இருபதுக்கு இரண்டு. ஆனால் அவன் அந்த இடத்துக்கு எப்படி வந்தான்? முன்னால் பார்த்து ஓட்டினானா, தூங்கிவிட்டு வந்தானா? அதை முதலில் கேள்.'

குறிப்பில் அதற்குப் பதில் இல்லை. மூலச் சட்டத்தை, நாங்கள் 'பேர் ஆக்ட்' என்போமே, அதைத் திறந்தேன். சட்டத்தின் வாசகத்திலேயே இருக்கிறது: மாலுமி தன் பக்கம் எவ்விதத் தவறோ கவனக்குறைவோ இல்லாமல், திடீரென்று அந்த நிலையில் சிக்கியிருக்க வேண்டும். சிறிய படகின் மேல் மோத வேண்டும் என்ற எண்ணம் இல்லாமல், நல்லெண்ணத்தோடு திருப்பியிருக்க வேண்டும். அந்த ஆபத்து அவ்வளவு பெரியதாக இருந்ததா என்பதைச் சாட்சியத்தை வைத்து நீதிமன்றம் முடிவு செய்யும். அப்பா கேட்ட கேள்வியைச் சட்டம் எழுதியவர்கள் 1860-லேயே கேட்டு வைத்திருக்கிறார்கள். பக்கத்தைச் சுருக்குவதற்காக நீங்கள் வெட்டியது அந்தச் சொற்களைத்தான். அந்தச் சொற்கள் இல்லையென்றால் அது சட்டம் இல்லை, வெறும் கூட்டல் கழித்தல்.

அந்த உற்சாகத்தில் அதே தலைப்பின் கீழ் வரும் டட்லி, ஸ்டீபன்ஸ் வழக்கையும் அப்பாவுக்குச் சொன்னேன். குறிப்பில் அது ஒரே வரி: 'வேறு வழியில்லாத அவசியம் என்பது கொலைக்கு எதிர்வாதம் ஆகாது, 1884.' நான் தீர்ப்பையே தேடி எடுத்துச் சொன்னேன். இங்கிலாந்திலிருந்து ஆஸ்திரேலியாவுக்குப் போன ஒரு சிறிய பாய்க்கப்பல் நடுக்கடலில் மூழ்கியது. நான்கு பேர் ஒரு திறந்த படகில் தப்பினார்கள். இரண்டு டின் கிழங்கு, நான்காம் நாள் பிடித்த ஒரு சின்ன ஆமை, மேலங்கியில் ஏந்திய மழைத்தண்ணீர், அவ்வளவுதான். கரை ஆயிரம் மைலுக்கு அப்பால். இருபதாம் நாள், நால்வரில் சிறியவனான, பதினேழு வயதுக் கப்பல் பையனைக் கொன்றார்கள்.

'பையன் கடல் தண்ணீர் குடித்திருப்பானே' என்றார் அப்பா.

குடித்திருந்தான். அதனால்தான் மற்றவர்களைவிடச் சோர்ந்து கிடந்தான். தீர்ப்பில் இருக்கிறது. சீட்டுப் போடலாம் என்ற பேச்சு எழுந்ததும், ஒருவர் சம்மதிக்காததும், பையனிடம் யாரும் கேட்காததும் இருக்கின்றன. நான்கு நாட்களில் ஒரு கப்பல் வந்து மூவரையும் காப்பாற்றியது. இருவருக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டு, பிறகு அரசியால் ஆறு மாதச் சிறையாகக் குறைக்கப்பட்டது. யாருடைய உயிர் குறைந்த மதிப்புடையது என்று எதை வைத்து அளப்பது, பலத்தை வைத்தா, அறிவை வைத்தா என்று தலைமை நீதிபதி கேட்கும் இடத்தை நான் படித்துக்காட்டினேன். எனக்கு அது அருமையான வாதமாகப் பட்டது.

அப்பா ஒன்றும் சொல்லவில்லை. 2017-ல் ஒக்கிப் புயலுக்குப் பிறகு எங்கள் கரையில் பல வீடுகளில் பல நாட்கள் யாரும் பேசவில்லை. திரும்பி வந்த சிலரிடம் படகில் என்ன நடந்தது என்று இன்றுவரை யாரும் கேட்டதில்லை. வலையை மடித்து வைத்துவிட்டு, 'நான்கு நாளில் கப்பல் வரும் என்று அந்த நீதிபதிக்குத் தெரியும், படகில் இருந்தவனுக்குத் தெரியாது' என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனார். அன்று வேறு வழக்கு எதையும் படித்துக்காட்டவில்லை. ஆனால் அந்த வழக்கு எனக்கு இனி மறக்காது. உங்கள் ஒரு வரியைத் தேர்வுக்கு முந்தைய இரவு நெட்டுருப் போட்டுவிட்டு, தேர்வு முடிந்த அன்று மாலையே நான் மறந்திருப்பேன்.

நிகழ்வுகளைச் சொல்லுங்கள் என்று கேட்பது கதை கேட்கும் ஆசையால் அல்ல. கொலைக்கும் கொலையாகாத மரணக் குற்றத்துக்கும் உள்ள கோடு நிகழ்வில்தான் இருக்கிறது. 1919-ல் சென்னை உயர் நீதிமன்ற முழு அமர்வு தீர்த்த பழனிக் கவுண்டன் வழக்கை எல்லோரும் சொல்கிறீர்கள். 'ஒரு பொருளால் தாக்கினான்' என்று ஒரு குறிப்பு சொல்கிறது. அது பொருள் இல்லை ஐயா, ஏர்க்கொழு. மனைவியின் தலையில் கொழுவால் அடித்தான். அவள் மயங்கி விழுந்ததை இறந்துவிட்டதாக நினைத்து, தற்கொலை போலக் காட்டத் தூக்கில் தொங்கவிட்டான். அவள் இறந்ததோ தூக்கில். தொங்கவிட்டபோது பிணம் என்றே நம்பினான், ஆகவே கொல்லும் கருத்து அப்போது இல்லை என்று நீதிமன்றம் கொடுங்காயக் குற்றத்துக்கு மட்டும் தண்டித்தது. தோவாளைப் பக்கம் வயல் உள்ள பிள்ளையிடம் 'கொழு' என்று ஒரு சொல் சொல்லிப் பாருங்கள், அந்த வீட்டின் முற்றமே அவள் கண்ணில் வந்துவிடும். பிறகு கருத்து, செயல், மரணம் மூன்றும் ஒரே நேரத்தில் சேர்ந்தனவா என்று அவளே கேட்பாள்.

எங்கள் மண்ணுக்கு நெருங்கியதை நீங்கள் ஏன் தொடுவதில்லை என்பதும் எனக்குப் புரியவில்லை. இந்தியாவுக்கு வெளியே நடக்கும் குற்றத்துக்கு இந்தியச் சட்டம் எப்போது பொருந்தும் என்பதற்கு, நான் இறக்கிய பதினான்கு கோப்புகளும் பிரிவு 1(4), 1(5) என்று எண்களைப் போட்டுவிட்டு நகர்கின்றன. 2012 பிப்ரவரி 15 அன்று, கேரளக் கரையிலிருந்து 20.5 கடல்மைல் தொலைவில், 'செயின்ட் ஆண்டனி' என்ற மீன்பிடிப் படகின் மேல் 'என்ரிகா லெக்ஸி' என்ற இத்தாலிய எண்ணெய்க் கப்பலிலிருந்து சுட்டார்கள். இறந்த இருவரில் ஒருவர் எங்கள் மாவட்டத்துப் பிள்ளை. கேரளப் போலீஸ் கொலை வழக்குப் பதிந்தது. 12 கடல்மைல் எல்லைக்கு வெளியே நடந்ததால் ஒரு மாநிலத்துக்கு அதிகாரம் இல்லை, மத்திய அரசு தனி நீதிமன்றம் அமைக்கலாம் என்று 2013 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொன்னது. சுட்ட கடற்படையினருக்கு விலக்குரிமை உண்டு, இழப்பீடு தர வேண்டும் என்று 2020-ல் சர்வதேச நடுவர் மன்றம் சொன்னது. 2021 ஜூனில் பத்துக் கோடி ரூபாய் இழப்பீட்டோடு வழக்கு முடித்துவைக்கப்பட்டது. எல்லை, அதிகார வரம்பு, விலக்குரிமை, கொலை என்று அரைப் பருவத்துக்கான பாடம் அந்த ஒரு படகில் இருக்கிறது. ஆங்கிலேயக் கப்பல் பையனை எங்களுக்கு அறிமுகப்படுத்திய உங்களுக்கு, எங்கள் ஊர்ப் படகைத் தெரியாமல் இருக்காது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், இது ஆற்றாமை. மரண தண்டனை என்ற தலைப்பில், அரிதிலும் அரிதான வழக்கில் மட்டுமே தூக்கு என்ற பச்சன் சிங் தீர்ப்பு, 1980 என்று எல்லோரும் சொல்கிறீர்கள். 1956 நவம்பர் 1-க்கு முன் எங்கள் தாலுகாக்கள் திருவிதாங்கூர் பக்கம் இருந்தன. திருவிதாங்கூர் சமஸ்தானம் 1944-லேயே, சில குற்றங்கள் நீங்கலாக, தூக்குத் தண்டனையை ஒழித்தது. 1951-ல் இந்தியத் தண்டனைச் சட்டம் இங்கே நீட்டிக்கப்பட்டபோது தூக்கும் கூடவே வந்தது. எனக்கு இதைச் சொன்னவர் எங்கள் சீனியர். தேர்வுக்கு வராதுதான், ஆனாலும் ஒரு மூலையில் ஒரு வரி போட்டால் யார் குடி முழுகிவிடும்?

என்னைக் காப்பாற்றியவற்றையும் சொல்ல வேண்டும். சட்டங்களின் மூல வாசகம் இந்தியா கோடு தளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் வெளியிட்ட 'சங்கலன்' செயலியில் பழைய பிரிவையும் புதிய பிரிவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். உச்ச நீதிமன்றத் தீர்ப்புத் திரட்டு முழுவதும் 2023 முதல் இலவசமாக இணையத்தில் கிடைக்கிறது. அதில் சில தீர்ப்புகளுக்குத் தமிழாக்கமும் உண்டு. தமிழாக்கம் சில இடங்களில் கரடுமுரடு, இருந்தாலும் ஆங்கிலத்துக்குப் பக்கத்தில் வைத்துப் படித்தால் வழி தெரிகிறது. இவை இருப்பதைத் தேர்வில் அடி வாங்கிய பிறகுதான் அறிந்தேன். உங்கள் பாடங்களில் ஒன்றுகூட, 'என்னைக் கேட்டது போதும், இப்போது போய் மூலத்தைப் படி' என்று சொல்லி அங்கே அனுப்பவில்லை. 'கட்டாயம் வரும் இருபது கேள்விகள்' என்று சொல்லி அடுத்த காணொலிக்குத்தான் அனுப்பினீர்கள்.

நான் கேட்பது பெரிய வேலை இல்லை. ஒவ்வொரு குறிப்பின் மேலும், ஒவ்வொரு காணொலியின் முதல் நிமிடத்திலும், எந்தச் சட்டம், எந்த நாள்வரையிலான நிலவரம் என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள். பழைய பாடத்தை அழிக்க மனமில்லையென்றால் '2024 ஜூலை 1-க்கு முன் நடந்த குற்றங்களுக்கு' என்று எழுதிவிடுங்கள், அது என்னைப் போன்ற குமாஸ்தாக்களுக்கும் உதவும். எண்ணை மாற்றுகிறவர் தண்டனையையும் ஒருமுறை மூலத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கட்டும். அரைமணி நேரம் ஆகுமா? நிபந்தனைச் சொற்களை வெட்டாதீர்கள். 'நல்லெண்ணத்தோடு', 'கவனக்குறைவு இல்லாமல்', 'தெரிந்தே' என்பவையெல்லாம் அலங்காரம் அல்ல என்று எங்களைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும்; நீதிமன்றத்தில் அந்த ஒரு சொல்லை வைத்துத்தானே நீங்கள் விடுதலை வாங்குகிறீர்கள்.

தொண்டையைச் செருமும் ஐயாவுக்கு மட்டும் தனியாக ஒன்று: உங்களுடைய தற்காப்புரிமைப் பாடம்தான் நான் கேட்டவற்றில் சிறந்தது. பழைய 96 முதல் 106 வரை சொல்கிறீர்கள். இப்போது அது 34 முதல் 44. தயவுசெய்து அதை மறுபடியும் ஒருமுறை எடுங்கள். இந்தப் பருவத் தேர்வு நவம்பரில்.

இப்படிக்கு,
குழித்துறையிலிருந்து ஒரு வக்கீல் குமாஸ்தா, சட்ட மாணவி

எழுதிய நாள்: 2025 செப்டம்பர் 14. பிரிவு எண்களும் தண்டனைகளும் அன்றைய நிலவரப்படி.